தீர்த்தம் எதனால் தீர்த்தமாகிறது?

உடுமலைப்பேட்டையிலிருந்து தளி வழியாகத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் திருமூர்த்திமலை இருக்கிறது. பாலாற்றங்கரையில் அமணலிங்கேசுவரர் கோயில். பிரம்மா, திருமால், சிவன் ஆகிய மூவரும் அங்குள்ள பெரும்பாறையில் ஒன்றாக உறைவதாக நம்பிக்கை. கோயிலிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் மலையேறினால் பஞ்சலிங்க அருவி. அருவிக்கு மேலே காட்டுக்குள் ஐந்து லிங்கங்கள் இருப்பதாகவும், அவற்றைத் தொட்டு வரும் நீரே கீழே விழுவதாகவும் சொல்வார்கள். அத்திரி முனிவரின் மனைவி அனசூயையைச் சோதிக்க வந்த மும்மூர்த்திகளும் அவளுடைய கற்பின் வலிமையால் குழந்தைகளாகிப் போன கதையை இந்தத் தலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். குழந்தை வரம் வேண்டி வருவோர் இங்கு மிகுதி.

வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் அருவியில் நனைந்துவிட்டுப் பிறகு கோயிலுக்குள் போகிறார்கள். நனைந்துவிட்டு நேரே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பவர்களும் உண்டு. நீர் ஒன்று, நனைந்த விதமும் ஒன்று. ஆனால் ஒருவர் செய்தது தீர்த்தமாடல், மற்றவர் செய்தது குளியல் என்று பார்ப்பவர் எல்லோரும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பிரிவினைக்கு எது அடிப்படை என்பது இந்தியச் சமயங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடிவரும் கேள்வி. நீரிலேயே ஏதோ இருக்கிறதா, செய்யும் முறையில் இருக்கிறதா, செய்பவர் மனத்தில் இருக்கிறதா என்று அதை மூன்றாகப் பகுத்துக்கொள்ளலாம்.

நீரிலேயே இருக்கிறது என்பதுதான் மக்களிடையே செல்வாக்குள்ள விடை. பஞ்சலிங்க அருவி நீர் மூலிகைச் செடிகளின் வேர்களைத் தழுவி வருவதால் உடல் நோய் தீர்க்கும் என்கிறார்கள். குற்றாலத்தைப் பற்றியும் இதையே சொல்வார்கள். இது பார்வைக்குப் பழைய நம்பிக்கை போல இருந்தாலும், இதன் தருக்கம் புதியது. புண்ணியம் என்று சொல்லத் தயங்குபவர் மருத்துவம் என்று சொல்லிக்கொள்கிறார், அவ்வளவுதான். அருவி நீரில் எந்த மூலிகையின் எந்தச் சத்து எந்த அளவில் இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு யாரும் இதைச் சொல்வதில்லை.

அளந்து பார்த்துச் சொல்லும் ஊர் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. கியூஷு தீவில் ஓயிட்டா மாநிலத்தின் கடற்கரை நகரமான பெப்பு, உலகில் மிகுதியாக வெந்நீர் சுரக்கும் ஊர்களில் ஒன்று. நகருக்குப் பின்னால் 1,375 மீட்டர் உயரமுள்ள சுருமி எரிமலை நிற்கிறது. அதன் சரிவில் இறங்கும் மழைநீர் நிலத்தடியில் சூடேறி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுவாய்களில் மேலே வருகிறது. சாக்கடை மூடிகள், வீட்டுச் சந்துகள், கோயில் முற்றம் என்று பாராமல் ஆவி எழும் ஊர் அது. பெப்பு, கன்னாவா, மியோபான், கன்காய்ஜி, ஹமாவாகி, கமேகாவா, ஹொரிதா, ஷிபாசெகி என்று எட்டு ஊற்றுப் பகுதிகள் சேர்ந்ததே இந்த நகரம். இரும்பு, கந்தகம், உப்பு என நீரின் சேர்மானம் இடத்துக்கு இடம் மாறும். ஜப்பானில் வகுத்துள்ள பத்து வகை ஊற்றுநீரில் ஏழு பெப்புவிலேயே கிடைக்கின்றன.

எது வெந்நீரூற்று என்பதை அந்த நாடு சட்டத்தாலேயே வரையறுத்திருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் வெந்நீரூற்றுச் சட்டப்படி, நிலத்திலிருந்து வரும்போது நீர் 25 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அல்லது குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது குறித்த அளவில் அதில் கலந்திருக்க வேண்டும். தெய்வத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் கிடையாது. குளிப்பறைச் சுவரில் நீரின் பகுப்பாய்வுத் தாள் தொங்கும். நீரின் குணமே எல்லாம் என்றால் பெப்பு வெறும் மருத்துவமனையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஊரின் புகழ்பெற்ற காட்சிகளுக்குப் பெயர் நரகம்.

குளிக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும் குளங்களைப் பெப்புக்காரர்கள் 'ஜிகோகு', அதாவது நரகம் என்றே அழைக்கிறார்கள். இந்தியாவில் புறப்பட்ட நரகங்களின் பட்டியல் பௌத்தத்தோடு சீனம் வழியாக அங்கு போய்ச் சேர்ந்தது. நீல நிறத்தில் 98 பாகை வெப்பத்தோடு ஆவி கக்குவது கடல் நரகம். இரும்பு கலந்த களிமண்ணால் செக்கச் சிவந்து கிடப்பது இரத்தக் குள நரகம். இந்தச் செந்நீர் ஊற்றை எட்டாம் நூற்றாண்டு நில வரலாற்று ஏடான 'பூங்கோ ஃபுதோகி' குறிப்பிடுகிறது. சாம்பல் நிறச் சேறு மொட்டைத்தலை போலக் குமிழியிட்டு எழும் நரகம் ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை போலப் பீறிடும் நரகம் ஒன்று. 1923 முதல் ஊற்றுச் சூட்டில் முதலைகளை வளர்க்கும் நரகம் ஒன்று. விவசாயத்துக்குப் பயன்படாத, பக்கத்தில் போகவே அஞ்சிய நிலங்கள் இவை. அபுராயா குமஹாச்சி என்ற விடுதிக்காரர் 1928 இல் பெண் வழிகாட்டிகளோடு பேருந்து விட்டு, நரகச் சுற்றுலாவை நகரின் முதன்மைத் தொழிலாக மாற்றினார். கைகளை உயர்த்தியபடி ஓடிவரும் அவருடைய சிலை பெப்பு ரயில் நிலையத்தின் முன் நிற்கிறது. நரகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கி, அதன் ஆவியில் வெந்த முட்டையைத் தின்றுவிட்டு வருகிறார்கள் மக்கள். 2009 இல் கடல் நரகம் உள்ளிட்ட நான்கை ஜப்பான் அரசு தேசிய எழில்மிகு இடங்களாக அறிவித்தது. அச்சத்துக்குரிய ஒன்றை வேடிக்கைப் பொருளாக்கியதைச் சமயச் சரிவு என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த நரகங்களுக்குப் பின்னால் ஒரு துறவியின் கதை இருக்கிறது; அதற்குப் பிறகு வருவோம்.

நீரில் ஏதும் இல்லை என்று வாதிட்டவர்களை முதலில் கேட்க வேண்டும். பௌத்தத் தேரிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் புண்ணிகை என்ற பெண் வருகிறாள். நீர் சுமக்கும் வேலைக்காரியாக இருந்தவள். குளிரில் நடுங்கியபடி ஆற்றில் முழுகிப் பாவம் கழுவும் அந்தணர் ஒருவரிடம், நீர் பாவத்தைக் கழுவுமானால் தவளையும் ஆமையும் முதலையும் அல்லவா முதலில் வீடுபேறு அடைய வேண்டும் என்று கேட்கிறாள். அதோடு விடவில்லை. ஆறு பாவத்தை அடித்துக்கொண்டு போனால் புண்ணியத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விடாதா என்கிறாள். தினமும் குளிரில் தண்ணீர் தூக்கியவள் கேட்ட கேள்வி என்பதால் அதற்குக் கூர்மை கூடுதல்.

சமணம் இன்னும் ஒரு படி மேலே போனது. திகம்பரத் துறவியின் 28 மூலகுணங்களில் குளியாமையும் ஒன்று. உடலைப் பேணும் பற்றை விடுவது ஒரு காரணம். நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு, அவற்றைத் துன்புறுத்தலாகாது என்பது மற்றொன்று. பெரியபுராணத்தில் பார்வையற்ற தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தோண்டும்போது, சிற்றுயிர்கள் சாகும் என்று சமணர்கள் தடுத்ததாக வருகிறது. சேக்கிழார் அதைச் சைவத்தின் பக்கம் நின்றுதான் சொல்கிறார். எனினும் அவர் எடுத்துக் காட்டும் மறுப்பு சமணக் கொள்கைக்கு முற்றிலும் பொருந்தியது. நீர் ஒரு சாராருக்குத் தூய்மையின் கருவி, மறு சாராருக்குக் கொல்லக் கூடாத உயிர்.

இந்த வழக்கு திருமூர்த்திமலைக்கு வெளியே நடந்த ஒன்றாகத் தோன்றலாம். ஆனால் அங்கேயே கோயிலை ஒட்டிய பெரும்பாறையில் அமர்ந்த நிலையில் ஒரு புடைப்புச் சிற்பம் உண்டு. அது தீர்த்தங்கரர் உருவம் என்றும், இது முன்னொரு காலத்தில் சமணர் இருக்கையாக இருந்தது என்றும் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். சமணரைக் குறிக்கும் 'அமண' என்ற சொல் இறைவன் பெயரில் இருப்பதையும் அவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். அனசூயைக் கதையில் வரும் ஆடையின்மையைக் கொண்டு அதை வேறு விதமாக விளக்குவோரும் உண்டு. கொங்கு நாட்டில் சமணம் வேரூன்றி இருந்தது என்பதில் ஐயம் இல்லை. விசயமங்கலத்துச் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. ஆய்வாளர்கள் கருதுவது சரியானால், குளியாமையை நோன்பாகக் கொண்ட ஒருவரின் உருவத்தருகே குளித்த ஈரத்தோடு வந்து கும்பிடும் மக்கள் நிற்கிறார்கள். ஒரு கொள்கை மற்றதை வென்றதாக இதைப் படிப்பவர்கள் உண்டு. மக்கள் வழிபாடு அப்படி வென்று தோற்றுப் போவது அரிது. அது பாறையையும் நீரையும் விடாமல், கதையை மட்டும் மாற்றிக்கொள்கிறது.

சைவத்துக்கு உள்ளேயும் நீரின் மேல் ஐயம் எழுப்பியவர்கள் குறைவில்லை. கங்கையிலும் காவிரியிலும் குமரியிலும் மூழ்கி என்ன பயன், இறைவன் எங்கும் உளன் என்று உணராதவர்க்கு எல்லாம் வீணே என்பது அப்பரின் கருத்து. திருமந்திரம் 'தீர்த்த உண்மை' பேசும் இடத்தில், தீர்த்தங்கள் உள்ளத்துக்குள்ளேயே இருக்கின்றன, அதை அறியாதவர் மேட்டிலும் பள்ளத்திலும் அலைகிறார்கள் என்கிறது. சிவவாக்கியர் இதையே கேலியாகக் கேட்டுவிடுகிறார். வள்ளுவர் நீரைப் புறத்துக்கும் வாய்மையை அகத்துக்கும் பிரித்துக் கொடுத்து வழக்கை முடித்துவைத்தார்.

ஆயினும் இவர்களைப் படித்த எவரும் குளிப்பதை நிறுத்தவில்லை. அப்பரே தலம் தலமாக நடந்தவர்தாம். அகத்தில் எல்லாம் இருக்கிறது என்ற விடை தத்துவமாக நிற்கும். வாழ்க்கை முறையாக நிற்காது. மனம் ஒன்றே போதும் என்று விட்டால், மனம் சரியாக இருக்கிறதா என்பதை அந்த மனமே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாகிறது. தாயுமானவர் இதைக் கண்டுகொண்டவராகத் தோன்றுகிறது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்றையும் முறையோடு தொடங்குபவர்க்கு வழிகாட்டும் குரு வாய்ப்பார் என்பது அவர் வாக்கு. தீர்த்தம் அங்கே தொடக்கம். அதிலேயே நின்றுவிடவும் அவர் சொல்லவில்லை, அதைத் தாண்டிக் குதிக்கவும் சொல்லவில்லை.

முறைக்குத் தரும நூல்கள் கொடுத்த இடம் இந்த வாதத்தில் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. குளியலை அவை ஏழாகப் பிரிக்கின்றன. நீரில் மூழ்குவது வாருணம். திருநீறு பூசுவது ஆக்னேயம். மாட்டு மந்தை கிளப்பும் தூசியில் நிற்பது வாயவ்யம். வெயிலடிக்கும்போது பெய்யும் மழையில் நனைவது திவ்யம். மண் பூசிக்கொள்வது பௌமம், மந்திரம் சொல்லித் தெளிப்பது மாந்திரம், இறைவனை நினைப்பது மானசம். பட்டியலைப் பார்த்தால் ஒன்று விளங்கும்: ஏழில் ஒன்றுக்குத்தான் முழுகும் அளவு நீர் வேண்டும். நோயாளிக்கும் முதியவருக்கும் நீரில்லாத ஊர்க்காரருக்கும் வழி வைத்திருக்கிறார்கள். நீர் இன்றியமையாதது என்று நினைத்திருந்தால் இத்தனை மாற்றுகளை எழுதிவைத்திருக்க மாட்டார்கள்.

இது ஏட்டோடு நிற்கும் செய்தி இல்லை. மேலே காட்டில் மழை பிடித்தால் பாலாற்றில் திடீரென வெள்ளம் வரும். பஞ்சலிங்க அருவியில் குளிக்கத் தடை விதிப்பார்கள். வெள்ளம் அமணலிங்கேசுவரர் கோயிலையே சூழ்ந்துகொள்ளும் நாட்களும் உண்டு. அப்போது நீர் புகாமல் உண்டியலைப் பாலித்தீன் உறை போட்டு மூடிக் கட்டுகிறார்கள். அன்று வந்தவர் தீர்த்தமாடாமலே திரும்புகிறார். எட்ட நின்று கும்பிட்டுத் தலையில் இரண்டு சொட்டுத் தெளித்துக்கொண்டு போகிறவருக்குப் பலன் குறைந்ததாக எந்தக் குருக்களும் சொன்னதில்லை. குளிக்க மட்டும் வந்தவருக்கோ பயணமே வீண். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அருவி ஓடும் நாளைவிடத் தடை விதித்த நாளில்தான் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

குளிப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் முறை தன்னைக் காட்டுகிறது. ஜப்பானில் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கும் முன், வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். அழுக்கோடு இறங்குவது பெரும் அவமரியாதை. தொட்டியில் இறங்குபவர் ஏற்கெனவே சுத்தமானவர். ஆகவே தொட்டி வேறு எதற்கோ இருக்கிறது. மனுநூலும் நீரில் எச்சில் உமிழ்வதையும் அசுத்தம் சேர்ப்பதையும் தடுக்கிறது. நம் அருவிகளில் இந்த வரிசை தலைகீழாகிப் போயிற்று. ஷாம்பு பாக்கெட்டும் எண்ணெயும் நேரே தீர்த்தத்துக்குள் போகின்றன. நீரின் புனிதத்தை இவ்வளவு நம்புகிற மக்கள் அதை இவ்வளவு எளிதாக அழுக்காக்குவது எப்படி என்று கேட்டால், புனிதமான ஒன்றை அழுக்காக்கவே முடியாது என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம் எனலாம். கங்கைக்கு நேர்ந்ததும் இதுவே. திருமூர்த்திமலையின் அருவிப் பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு. அங்கே பிளாஸ்டிக்கைத் தடுத்து நிற்பது வனத்துறையின் சோதனை. சமயம் கைவிட்ட ஒழுக்கத்தை அரசு கையிலெடுத்துக்கொண்டது என்று சொன்னால் தவறில்லை.

இனிப் பெப்புவின் துறவி. ஜி என்ற பௌத்தப் பிரிவைத் தோற்றுவித்த இப்பென் (1239–1289) நாடெங்கும் கால்நடையாகத் திரிந்து, அமிதாப புத்தரின் பெயரைச் சொன்னாலே போதும் என்று போதித்தவர். 1276 இல் கன்னாவாவுக்கு வந்தபோது, கொதித்துச் சீறும் நரகங்கள் மக்களை வாட்டக் கண்டு, திருமொழி எழுதிய கற்களை இட்டு அவற்றை அடக்கினார், பிறகு அந்த ஆவியைக் கொண்டு நோயாளிகளுக்கு ஆவிக்குளியல் அறை அமைத்தார் என்கிறது ஊர்க்கதை. அந்த அறையில் இன்றும் தரையில் செகிஷோ என்ற புல்லைப் பரப்பி அதன்மேல் படுக்க வைக்கிறார்கள். நம் வசம்பின் இனத்தைச் சேர்ந்த செடி அது. ஆண்டுதோறும் செப்டம்பரில் இப்பெனின் சிலையை ஊற்றுநீரால் நீராட்டும் விழா நடக்கிறது. அபிடேகம் கண்டு பழகிய தமிழருக்கு அதில் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை.

புண்ணிகையின் மதம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது? நீர் பாவம் கழுவாது என்று சிரித்த பௌத்தம், ஜப்பானில் குளியலறை கட்டுவதைப் புண்ணியமாகக் கொண்டது. இதற்கு ஒரு சூத்திரம் அடிப்படை. மருத்துவர் ஜீவகன் புத்தரையும் துறவியரையும் குளிக்க அழைக்க, குளியலுக்கு வேண்டிய ஏழு பொருள்களையும், அதனால் நீங்கும் ஏழு நோய்களையும், கிடைக்கும் ஏழு பேறுகளையும் புத்தர் சொல்வதாக அமைந்தது அது. அதில் பேறு குளித்தவருக்கு அல்ல, குளிப்பாட்டியவருக்கு. ஜப்பானிய மடங்கள் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் குளியலறை திறந்துவைத்தன. எட்டாம் நூற்றாண்டில் பேரரசி கோம்யோ ஆயிரம் பேரைத் தன் கையாலேயே கழுவுவதாக நேர்ந்துகொண்டார் என்றொரு கதை உண்டு. ஆயிரமாவது ஆள் தொழுநோயாளி. அருவருப்பை அடக்கி அவரைக் கழுவியதும், அவர் அக்ஷோபிய புத்தராக ஒளி வீசி மறைந்தார். காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டரைத் தமிழர் நினைத்துக்கொள்வார்கள். அழுக்குக் கந்தையோடு வந்த மெலிந்த அடியாரின் துணியை வாங்கி, பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்து, மழை விடாததால் துணி துவைக்கும் கல்லில் தலையை மோதிக்கொண்டவர் அவர்; மோதிய தலையைத் தாங்கியது இறைவனின் கை. இரண்டு கதைகளிலும் நீர் வருகிறது, தூய்மை வருகிறது. தூய்மையாவது யாருடைய உடம்பு என்ற கேள்வி மட்டும் திரும்பிவிடுகிறது.

தூய்மை என்ற எண்ணத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது, அது இனிமையானதல்ல. பெப்புவின் சிவப்புக் குளத்துக்கு அமைந்த பெயர் கிழக்காசியப் பௌத்தத்தில் புகழ்பெற்ற ஒரு நரகத்தின் பெயர். மாதவிலக்காலும் மகப்பேற்றாலும் நிலத்தையும் நீரையும் தீட்டாக்கியதாகச் சொல்லி, பெண்களை அங்கே தள்ளியது சீனத்தில் எழுந்த ஒரு சூத்திரம். பிள்ளை பெற்றதற்கே நரகம். நம் ஊரில் தீட்டு அதே வேலையைச் செய்தது; அதோடு சாதியும் சேர்ந்துகொண்டது. 1927 மார்ச் 20 அன்று மகாராட்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் சவதார் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல. குளம் ஏற்கெனவே சட்டப்படி எல்லோருக்கும் உரியது, தாழ்த்தப்பட்டோரைத் தொடத்தான் விடவில்லை. பிறகு மேல்சாதியினர் அந்தக் குளத்தைச் 'சுத்தப்படுத்தும்' சடங்கு செய்தார்கள். தமிழகத்திலும் கோயிலுக்குள் போகவே சட்டம் வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947 இல். ஜப்பானிலும் பச்சை குத்தியவர்களைப் பல குளியலறைகள் இன்றும் உள்ளே விடுவதில்லை. ஒத்தாரு நகரில் வெளிநாட்டுத் தோற்றம் உள்ளவர்களைத் தடுத்த குளியலறை பாகுபாடு காட்டியதாக 2002 இல் சப்போரோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீர் எல்லோரையும் தூய்மையாக்கும் என்று சொல்லிக்கொண்டே, சிலர் தொட்டால் நீரே தூய்மை கெடும் என்று நடந்துகொண்ட சமயங்கள், நீரில் உண்மையாகவே வல்லமை இருப்பதாக நம்பவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

நீர் யாருக்கு உரியது என்ற வழக்கு இலங்கையிலும் உண்டு. திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள், தமிழர் வழிபாட்டோடு இணைந்த வெந்நீரூற்றுகளில் பெயர்பெற்றவை. சிறு கிணறுகள் ஏழு, ஒன்றுக்கொன்று வெப்பம் மாறும். தாய்க்கு இறுதிக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியதாகக் கதை. சுற்றுவட்டார மக்கள் இறந்தோருக்கான சடங்குகளை அங்கு செய்துவந்தார்கள். 2019 இல் அங்கிருந்த பிள்ளையார் கோயில் நிலம் பற்றி எழுந்த பூசலில், நீர் யாருடைய தெய்வத்துக்கு உரியது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிற்று.

இன்பத்துக்காகக் குளிக்க வந்தவர்களால் புனிதம் கெட்டது என்ற புலம்பலுக்கு வருவோம். இதைச் சொல்பவர்கள் தமிழின் பழைய நீராட்டுகளை மறந்துவிடுகிறார்கள். பரிபாடலின் வையைப் பாடல்களில் புதுவெள்ளம் வந்ததும் மதுரையே ஆற்றுக்குத் திரள்கிறது. காதலும் ஊடலும் கள்ளும் நகையும் தெய்வமும் ஒரே நீரில் கலந்து கிடக்கின்றன. எது விழா, எது வழிபாடு என்று பிரிக்க இடமில்லை. ஆண்டாளின் மார்கழி நீராடல் நோன்புதான், ஆனாலும் தோழியரை எழுப்பும் கேலியும் கூச்சலும் அதில் நிறையவே உண்டு. அருவியின் கீழே கூவிக் குதிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு அந்தப் பரம்பரையில் இடம் உண்டு. பெப்புவின் முட்டை தின்னும் பயணிகளுக்கும் அப்படியே. மகிழ்ச்சி தீர்த்தத்துக்கு எதிரி ஆனதில்லை.

ஆனால் வையைக் கரையில் குதித்தவருக்கும் சுற்றுலாப் பயணிக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. வையையில் ஆடியவருக்கு அது ஊர் ஆறு. வெள்ளம் வந்தால் வயல் விளையும். வராவிட்டால் கஞ்சிக்கு வழியில்லை. ஆடிய பிறகும் ஆற்றோடு அவருக்குக் கணக்கு இருந்தது. சுற்றுலாப் பயணிக்கு அருவியோடு உள்ள கணக்கு துண்டைப் பிழிவதோடு முடிந்துபோகிறது. தீர்த்தம் என்பதை நீரின் குணத்திலோ மனத்தின் நிலையிலோ தேடுவதைவிட, நீரோடு ஒருவருக்கு உள்ள கடப்பாட்டில் தேடுவது பொருத்தம். நோன்பு இருந்து வருவது, முன்னோரை நினைப்பது, குளிக்கும் முன் கழுவிக்கொள்வது, பிறரைக் குளிப்பாட்டுவது, நீரை அடுத்தவருக்கு விட்டுவைப்பது எல்லாம் அந்தக் கடப்பாட்டின் வடிவங்கள். கேள்வி கேட்ட புண்ணிகைக்கும் இதில் மறுப்பு இருந்திருக்காது. தவளைக்கு ஆற்றோடு வாழ்வு உண்டு, கடமை இல்லை.

உடுமலைப் பகுதியின் ஆடி அமாவாசை இதற்கு நல்ல சான்று. முந்தின நாளே பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்து உழவர்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு திருமூர்த்திமலைக்கு வருவது பழைய வழக்கம். வண்டிகள் குறைந்து வேன்கள் பெருகிய பின்னும் அது அற்றுப்போகவில்லை. பாலாற்றில் முழுகி, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து, சாமி கும்பிட்டு, தீர்த்தத்தைக் குடத்திலோ பாட்டிலிலோ பிடித்துக்கொண்டு போய் வயலிலும் கால்நடை மீதும் தெளிப்பார்கள். மகாசிவராத்திரிக்குப் பூலாங்கிணற்றிலிருந்து திருச்சப்பரம் புறப்பட்டு மலைக்கு வருவதும் இத்தகைய ஊர்க்கடமைதான். குளியல் இங்கே உடம்போடு நிற்கவில்லை. மேலே செத்தவர்களையும் கீழே விதையையும் அது தொடுகிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. கோயிலைத் தாண்டிய பாலாறு, கூப்பிடு தூரத்தில் திருமூர்த்தி அணையில் விழுகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) திட்டத்தின் பாசன அணை அது. ஆழம் 60 அடி. மேற்கே கேரளக் கடலுக்குப் போகவிருந்த ஆறுகளைத் திருப்பி, சர்க்கார்பதியிலிருந்து மலைச்சரிவில் 49 கிலோமீட்டர் வெட்டிய காண்டூர் கால்வாய் வழியாக அந்த நீரை இங்கே சேர்க்கிறார்கள். பாலாற்று வெள்ளமும் அதோடு கலந்துவிடுகிறது. அணையிலிருந்து கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சுமார் 3.77 லட்சம் ஏக்கர் நான்கு மண்டலங்களாகப் பாசனம் பெறுகிறது. கோயில் படித்துறையில் தீர்த்தம். அணைக்குள் வந்ததும் அது பி.ஏ.பி. தண்ணி. அளவும் முறையும் பாசன சபையும் அதற்கு உண்டு, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற சண்டையும் உண்டு. எந்த இடத்தில் தீர்த்தம் பாசன நீராகிறது என்று கோடு போட முடியாது.

அமாவாசையன்று பாட்டிலில் தீர்த்தம் பிடித்துப் போகும் உழவருக்கு, மண்டலம் திறக்கும்போது அதே ஆற்று நீர் மதகு வழியே வயலுக்கு வரத்தான் போகிறது என்பது தெரியாததல்ல. வாய்க்காலில் வருவதை அவர் முறை வைத்து உரிமையோடு வாங்குகிறார்; வராவிட்டால் பொறியாளர் அலுவலகத்துக்கு முன் உட்கார்வார். பாட்டிலில் கொண்டுபோவதை எந்த உரிமையும் இல்லாமல் வாங்கிக்கொள்கிறார். அருவிக்கும் ஐந்து லிங்கங்களுக்கும் அவர் மனுக் கொடுக்க முடியாது.